டெக்சாஸில் கைத்துப்பாக்கி உரிமம்: முதல்முறை விண்ணப்பிக்கும் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை ஏதும் இல்லாத ஒருவர் உரிமம் எடுக்காமலேயே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகலாம். அப்படியிருக்க விண்ணப்பம், வகுப்பு, கைரேகை என்று எதற்கு அலைய வேண்டும் என்று டாலஸிலும் ஹூஸ்டனிலும் ஆஸ்டினிலும் பலர் கேட்கிறார்கள். அலைவதற்குக் காரணங்கள் உண்டு, சொல்கிறேன். ஆனால் நம்மவர்கள் அதற்கும் முன்னால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

உங்கள் விசா என்ன?

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 என எந்தத் தற்காலிக விசாவில் இருந்தாலும், கூட்டாட்சிச் சட்டப்படி நீங்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. டெக்சாஸ் எவ்வளவு தாராளமான மாநிலமாக இருந்தாலும் இந்தத் தடையை அதனால் நீக்க முடியாது. வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விதிவிலக்கு ஒன்று சட்டத்தில் இருப்பது உண்மைதான். அதைக் கேள்விப்பட்டு, வேட்டைக்கே போகாத கணினிப் பொறியாளர்கள் வேட்டை உரிமம் வாங்குவதும் நடக்கிறது. குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் அந்த வழியில் இறங்காதீர்கள். கிரீன் கார்டுக்காகப் பல ஆண்டுகள் வரிசையில் நிற்பவர் ஒரு கைத்துப்பாக்கிக்காக அந்த வரிசையையே பணயம் வைப்பதில் எந்தப் புத்திசாலித்தனமும் இல்லை.

ஊரிலிருந்து வரும் பெற்றோரையும் மைத்துனரையும் ஊர் சுற்றிக் காட்டும்போது, 'டெக்சாஸ் அனுபவம்' என்று சுடுதளத்துக்கு அழைத்துப் போகும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வருகையாளர் விசாவில் வந்தவர் கையில் வாடகைத் துப்பாக்கியைக் கொடுத்தாலும், 'வைத்திருத்தல்' என்று சட்டம் சொல்வதில் அது அடங்கும். கொடுத்தவரும் சிக்கிக்கொள்வார். அப்பாவை ஃபோர்ட் வொர்த்தில் மாட்டுச் சந்தைக்கு அழைத்துப் போங்கள், போதும்.

நண்பர் ஒருவர் எச்-1பி விசாவில் இருக்கிறார், அவருக்காக நீங்கள் உங்கள் பெயரில் வாங்கித் தருகிறீர்கள் என்றால் அது உதவி அல்ல, குற்றம். பிறருக்காகப் பெயர் மாற்றி வாங்குவதற்கு 2022-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை வைத்திருக்கிறது.

கிரீன் கார்டு வந்துவிட்டால் தடை நீங்கிவிடும். உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம், கடையில் வாங்கலாம். குடிமகனுக்கும் உங்களுக்கும் ஒரு வேறுபாடு மட்டும் இருக்கும். துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டிக்கப்பட்டால், கிரீன் கார்டு வைத்திருப்பவரை நாடு கடத்துவதற்கு குடியேற்றச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. குடிமகன் அபராதத்தோடு வீட்டுக்குப் போகக்கூடிய ஒரு தவறு, உங்களைச் சென்னைக்கு விமானம் ஏற்றிவிடலாம். இந்தக் கட்டுரையில் பிற்பகுதியில் வரும் 'எங்கே கூடாது' என்பதை நான் நீட்டி எழுதியிருப்பதற்கு அதுதான் காரணம்.

உரிமம் இல்லாமலே முடியும் என்றால் எதற்கு உரிமம்?

பிள்ளையைப் பள்ளியில் விடும் வரிசையை நினைத்துப் பாருங்கள். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு இருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. பள்ளி இருக்கும் மாநிலம் சரிபார்த்துக் கொடுத்த உரிமம் இருப்பவருக்கு விலக்கு உண்டு. உரிமம் இல்லாமல் வைத்திருப்பவருக்கு இல்லை. அவர் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்துவிட்டு, பூட்டிய பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டும். ஃப்ரிஸ்கோ, கேட்டி, ரவுண்ட் ராக் போன்ற புறநகர்களில் எந்தப் பள்ளியிலிருந்தும் 1,000 அடி விலகி வண்டி ஓட்டுவது எவ்வளவு சாத்தியம் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

ஓக்லஹோமா, லூசியானா, ஆர்கன்சா, நியூ மெக்சிகோ ஆகிய அண்டை மாநிலங்கள் நான்கும் டெக்சாஸ் உரிமத்தை ஏற்கின்றன. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் ஏற்பதில்லை. கடையில் துப்பாக்கி வாங்கும்போது 4473 என்ற படிவத்தை எல்லோரும் நிரப்பியாக வேண்டும். ஆனால் உரிமம் காட்டுபவருக்கு அதன் பிறகு நடக்கும் கணினிப் பின்னணிச் சோதனை தேவையில்லை. நம் பெயர்களைப் போன்ற நீளமான, வேறொருவரோடு எளிதில் குழம்பக்கூடிய பெயர் உள்ளவர்கள் 'தாமதம்' என்ற பதிலோடு கடையில் காத்துக் கிடப்பதிலிருந்து இது விடுதலை. கடைகளின் வாசல் பலகைகளிலும் உரிமம் உள்ளவருக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும், அதற்குப் பிறகு வருகிறேன்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் வகுப்புதான் என்பது என் கருத்து. உரிமம் வேண்டாம் என்று முடிவெடுப்பவர் அந்தச் சட்டப் பாடத்தையும் சேர்த்தே வேண்டாம் என்கிறார்.

தகுதி: உங்களுக்குக் கிடைக்குமா?

டிபிஎஸ் என்று எல்லோரும் சொல்லும் டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறைதான் உரிமம் வழங்குகிறது. உரிமத்தை இங்கே எல்டிசி என்பார்கள். 2016-க்கு முன் அதன் பெயர் சிஎச்எல். மறைத்து வைத்துக்கொள்ள மட்டுமே அனுமதி இருந்தது. இப்போது ஹோல்ஸ்டரில் (துப்பாக்கியைச் செருகி வைக்கும் உறை) வெளியே தெரியும்படி வைக்கவும் அது செல்லும். செல்லும் என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை. காய்கறிக் கடையில் இடுப்பில் துப்பாக்கி தெரிய நிற்பவரைப் பார்த்து யாரும் பாதுகாப்பாக உணர்வதில்லை.

சட்டத்தில் எழுதியிருக்கும் வயது 21. ராணுவத்தில் இருப்பவர்களுக்கு 18. மற்ற 18 முதல் 20 வயதினரைப் பொறுத்தவரை, 2022-இல் ஃபோர்ட் வொர்த் கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நிலைமை தளர்ந்திருக்கிறது. ஆறு மாதம் டெக்சாஸில் வசித்திருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆனால் வேறு மாநிலத்தவரும், இப்போதுதான் குடிவந்தவரும் விண்ணப்பிக்கத் தனி வழி இருப்பதால் அது யாருக்கும் பெரிய தடை அல்ல.

தடையாவது குற்றப் பதிவு. பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவருக்குக் கிடைக்காது. 'ஏ' அல்லது 'பி' வகுப்புச் சிறு குற்றம் என்றால் கடந்த 5 ஆண்டுகளில் தண்டனை இருக்கக் கூடாது, நிலுவையில் வழக்கும் இருக்கக் கூடாது. முதல்முறை குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டாலே அது பொதுவாக 'பி' வகுப்பு. ஆக, ஒரு விருந்துக்குப் பிறகு நடந்த ஒரு முட்டாள்தனம் 5 ஆண்டுகளை எடுத்துக்கொள்ளும். 10 ஆண்டுகளில் மது அல்லது போதை தொடர்பாக இரண்டு தண்டனை என்றால், போதைக்கு அடிமையானவர் என்றே சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

தீர்ப்பை ஒத்திவைத்து, நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டு, பிறகு வழக்கைத் தள்ளுபடி செய்வது இங்கே வழக்கம். 'தள்ளுபடியாகிவிட்டது, அதனால் பதிவே இல்லை' என்று பலர் நம்புகிறார்கள். உரிமத்துக்கான கணக்கில் அதுவும் தண்டனையாகவே கருதப்படலாம். விண்ணப்பத்தில் கேட்டால் எழுதிவிடுங்கள். பழைய வழக்கு ஒருவேளை மன்னிக்கப்படலாம். மறைத்தது தெரிந்தால் அது ஒன்றே மறுப்புக்குப் போதும்.

குழந்தைப் பராமரிப்புத் தொகை பாக்கி, மாநில அரசுக்கு வரி பாக்கி, நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை ஆகியவையும் தடைகள். குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை இருந்தால் கூட்டாட்சிச் சட்டமே கதவை மூடிவிடும். கஞ்சாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கொலராடோவில் அது சட்டப்படி கிடைக்கிறது என்பது 4473 படிவத்துக்குப் பொருட்டல்ல. மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் குற்றமே என்று அந்தப் படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

வகுப்புக்கு முன் ஒரு வகுப்பு

எல்டிசி வகுப்பு யாருக்கும் சுடக் கற்றுத் தருவதில்லை. சுடத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு சட்டத்தைச் சொல்லிக் கொடுத்து, கடைசியில் சோதித்துப் பார்ப்பதுதான் அதன் வேலை. துப்பாக்கியைக் கையில் எடுத்தே பழகாத ஒருவர் நேராக அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தால், மற்றவர்களின் சாவகாசம் போவதோடு பாதுகாப்பும் போகும். அதனால் முதலில் சுடுதளங்களில் நடக்கும் அடிப்படைக் கைத்துப்பாக்கி வகுப்பு ஒன்றில் சேருங்கள். வாடகைத் துப்பாக்கிகளை மாற்றி மாற்றிச் சுட்டுப் பாருங்கள். எந்தக் கைப்பிடி உங்கள் கைக்குப் பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு வாங்கினால் போதும். சிறிய துப்பாக்கி புதியவருக்கு எளிது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். எடை குறையக் குறைய உதைப்பு கூடும்.

துப்பாக்கிப் பயிற்றுநர் ஜெஃப் கூப்பர் வகுத்துக் கொடுத்த நான்கு விதிகளை எந்த வகுப்புக்குப் போனாலும் முதலில் சொல்வார்கள். எல்லாத் துப்பாக்கியும் குண்டு நிரப்பியதே என்று எண்ணிக் கையாள வேண்டும். அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல் முனை திரும்பக் கூடாது. குறி சரியாகும்வரை விரல் விசைக்கு வெளியே. குறி எது, அதன் பின்னால் இருப்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும். சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. சுடுதளத்தில் புதியவர் ஒருவர், 'இது ஏன் வெடிக்கவில்லை?' என்று கேட்டுக்கொண்டே கையில் துப்பாக்கியோடு பக்கத்திலிருப்பவரை நோக்கித் திரும்புவதைப் பாருங்கள், இந்த விதிகளை ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்பது புரியும்.

எல்டிசி வகுப்பு

பயிற்றுநர் டிபிஎஸ் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். டிபிஎஸ் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. வகுப்பறைப் பாடம் 4 முதல் 6 மணி நேரம். அதை இணையவழியாகவும் முடிக்கலாம், ஆனால் சுடும் சோதனைக்கு நேரில் போகத்தான் வேண்டும். நேரம் இருந்தால் நேரடி வகுப்பையே எடுங்கள் என்பேன். சட்டம் பற்றி உங்களுக்கு வரும் சந்தேகத்தைக் காணொளியிடம் கேட்க முடியாது.

பாடத்தில் நான்கு பகுதிகளைச் சட்டமே குறிப்பிடுகிறது: ஆயுதச் சட்டமும் உயிர்க்கொல்லி வலிமையைப் பயன்படுத்தும் சட்டமும், கைத்துப்பாக்கிப் பாதுகாப்பும் ஹோல்ஸ்டர் பயன்பாடும், வன்முறையின்றிச் சச்சரவைத் தீர்ப்பது, குழந்தைகளுக்கு எட்டாதபடி வைப்பது.

மூன்றாவது பகுதி வரும்போது வகுப்பில் பலர் கைபேசியை எடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் வகுப்பின் உயிர்நாடி என்று தோன்றுகிறது. துப்பாக்கி வைத்திருப்பவர், நெடுஞ்சாலையில் ஒருவன் குறுக்கே வண்டியை விட்டதற்காக விரலைக் காட்டக் கூடாது. வண்டியை நிறுத்துமிடத்தில் நடக்கும் வாய்ச்சண்டையில் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைக்கக் கூடாது. இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. டெக்சாஸில் தற்காப்புக்கு முன் பின்வாங்கிப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு, அந்த இடத்தில் இருக்க உரிமையுள்ளவருக்கும், சண்டையைத் தூண்டாதவருக்கும், வேறு குற்றம் எதிலும் ஈடுபட்டிராதவருக்கும் மட்டும்தான். நீங்கள் கத்திய ஒரு வசைச்சொல் பிறகு 'தூண்டியது யார்' என்ற கேள்வியாக உங்கள் முன் வந்து நிற்கும்.

இரவில் திருடுபவனைத் தடுக்க, சில நிபந்தனைகளோடு, உயிர்க்கொல்லி வலிமையைப் பயன்படுத்தலாம் என்றுகூட டெக்சாஸ் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. இதை வெளிமாநிலத்தவர்கள் வியந்து பேசுவார்கள். அந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றும் வழக்கறிஞர்கள் மணிக்கணக்கில் வாதிடும் விஷயங்கள். வண்டிக்குள் இருந்த மடிக்கணினிக்கு காப்பீடு இருக்கிறது. அதற்காக ஒரு மனிதனைக் கொன்றுவிட்டு, நியாயம்தான் என்று நடுவர் குழுவிடம் நிரூபிக்க நேர்வதற்குக் காப்பீடு இருந்தாலும் போதாது.

பாடம் முடிந்ததும் எழுத்துத் தேர்வு. 70 சதவீதம் எடுக்க வேண்டும். வகுப்பில் விழித்திருந்தவர்கள் தேறிவிடுவார்கள்.

ஐம்பது தோட்டாக்கள்

சுடும் சோதனையைப் பற்றித்தான் புதியவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். அதற்கு அவ்வளவு பயம் தேவையில்லை.

மொத்தம் 50 தோட்டாக்கள். பி-27 என்ற, ஆள் உருவம் அச்சிட்ட பெரிய தாள் குறி. 3 கஜ தூரத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. நடு வளையங்களுக்கு 5 மதிப்பெண், அடுத்த வளையத்துக்கு 4, உருவத்தின் மற்ற பகுதிக்கு 3. முழு மதிப்பெண் 250, தேற 175. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் 40 தோட்டாக்களும் நடுவில் விழுந்தால் 200. அதாவது 15 கஜத்துக்குப் போகும் முன்பே தேறிவிடுகிறீர்கள். எனவே பயிற்சியின் பெரும்பகுதி 3, 7 கஜங்களில்தான் இருக்க வேண்டும். 15 கஜத்தில் திணறும் ஒருவர் அதையே நினைத்து மாய்ந்துபோவதில் பொருளில்லை.

நேர வரம்பு உண்டு. முதல் கட்டத்தில் 2 விநாடிக்குள் ஒரு தோட்டா, 3 விநாடிக்குள் இரண்டு, 10 விநாடிக்குள் ஐந்து என்று வரும். துப்பாக்கியை ஹோல்ஸ்டரிலிருந்து உருவ வேண்டியதில்லை. கையில் தயார் நிலையில் பிடித்தபடியே தொடங்கலாம். தேறாதவர் மறுபடி முயலலாம்.

ஓட்டுநர் உரிமம், துப்பாக்கி, மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு), 50 ரவுண்டு கொண்ட ஒரு பெட்டித் தோட்டா (இன்னும் கொஞ்சம் கூடுதலாகவும்), கண்ணாடி, காதுக் கவசம் கொண்டுபோங்கள். பெரும்பாலோர் 9 மில்லிமீட்டர் கொண்டுவருவார்கள். குறைந்தபட்ச காலிபர் (குழலின் விட்டம்) வரம்பு 2017-இல் எடுக்கப்பட்டுவிட்டதால், கைவலி உள்ளவர்கள் உதைப்பு குறைந்த .22 துப்பாக்கியிலும் சோதனை எழுதலாம். துப்பாக்கியை உறைக்குள், குண்டு இல்லாமல் கொண்டுபோங்கள். பயிற்றுநர் சொல்லும்வரை உறையைத் திறக்காதீர்கள். கழுத்து அகன்ற சட்டை வேண்டாம். சுட்டதும் வெளியே தெறிக்கும் சூடான தோட்டா உறை சட்டைக்குள் விழுந்தால் எவரும் துள்ளத்தான் செய்வார்கள், கையில் துப்பாக்கி இருப்பது அந்த நொடியில் நினைவுக்கு வராது.

தேறியதும் பயிற்றுநர் எல்டிசி-100 என்ற சான்றிதழைத் தருவார். அது 2 ஆண்டுகள் செல்லும். ஆனால் அதை இழுப்பறையில் போட்டு மறந்துவிடாதீர்கள்.

விண்ணப்பம், கைரேகை, காத்திருப்பு

விண்ணப்பம் டிபிஎஸ் இணையதளத்தில். கட்டணம் 40 டாலர். 2017-க்கு முன் 140 ஆக இருந்தது. வகுப்புக்கு முன்பே விண்ணப்பித்துவிட்டு, சான்றிதழைப் பிறகு பதிவேற்றவும் செய்யலாம்.

கடந்த 5 ஆண்டுகளின் வீட்டு முகவரிகளையும் பணியிட முகவரிகளையும் கேட்பார்கள். ஒரே நிறுவனத்தின் பெயரில் நான்கு நகரங்களில் நான்கு வாடிக்கையாளர்களிடம் வேலை பார்த்த நம் ஒப்பந்தப் பொறியாளர்கள் இந்த இடத்தில்தான் திக்குமுக்காடுகிறார்கள். பழைய வாடகை ஒப்பந்தங்களையும் கிரீன் கார்டு விண்ணப்பத்தின் நகலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குடியேற்றக் கோப்புக்காக நீங்கள் ஏற்கெனவே தொகுத்த அதே பட்டியல்தான் இது. இரண்டும் ஒன்றோடொன்று முரண்படாமல் இருப்பதும் நல்லது. மனநல, போதை மீட்புச் சிகிச்சை பற்றிய கேள்விகளும் வரும். குடிமகன் அல்லாதவர்கள் கிரீன் கார்டின் நகலை இணைக்க வேண்டும். பெயர் எல்லா ஆவணங்களிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா பெயர் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் நிற்பது நமக்குச் சாதாரணம், டெக்சாஸ் அலுவலருக்கு அது இரண்டு வேறு ஆட்கள்.

பணம் கட்டியதும் கைரேகைக்கான எண் வரும். அதைக் கொண்டு ஐடென்டோகோ மையத்தில் நேரம் பதிந்துகொள்ள வேண்டும். அதற்குத் தனியாகச் சுமார் 10 டாலர். கைரேகை தெளிவில்லை என்று திரும்பி வருவது உண்டு. வயதானவர்களுக்கும், வீட்டு வேலை செய்து விரல் நுனி தேய்ந்தவர்களுக்கும் இது அதிகம். சில நாட்கள் முன்பிருந்தே கைகளுக்கு எண்ணெயோ களிம்போ தடவி வாருங்கள், ஆனால் மையத்துக்குப் போகும்போது கை துடைத்துச் சுத்தமாக இருக்கட்டும்.

எல்லா ஆவணமும் சேர்ந்த பிறகு 60 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் ஒரு தாள் குறைந்துதான் தாமதமாகிறது. இணையத்தில் நிலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள், மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியையும் சேர்த்து. மறுப்பு வந்தால் 30 நாட்களுக்குள் எழுத்தில் விசாரணை கேட்கலாம். வழக்கு உங்கள் பகுதி அமைதி நீதிபதியின் நீதிமன்றத்தில் நடக்கும். உரிமம் வைத்திருப்பவர் யார் என்ற விவரத்தைப் பொதுமக்களுக்குத் தரக் கூடாது என்று சட்டம் இருப்பதால், பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்துத் தெரிந்துகொள்வார் என்ற கவலை வேண்டாம்.

எங்கே கூடாது

அட்டை கைக்கு வந்த பிறகுதான் உண்மையான படிப்பு தொடங்குகிறது.

கடை வாசல் பலகைகளில் மூன்று எண்களைக் கவனிக்கப் பழகுங்கள்; டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்கள் இவை. 30.05 என்பது உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவரைத் தடுக்கும் பலகை. 30.06 என்பது உரிமம் உள்ளவர் மறைத்துக் கொண்டுவருவதைத் தடுப்பது. 30.07, உரிமம் உள்ளவர் வெளியே தெரியக் கொண்டுவருவதைத் தடுப்பது. 30.06, 30.07 பலகைகள் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்தில், தெளிவாகத் தெரியும் நிறத்தில் இருக்க வேண்டும். பல கடைகள் 30.05, 30.07 இரண்டை மட்டும் மாட்டியிருக்கின்றன. அங்கே உரிமத்தோடு மறைத்து வைத்திருப்பவர் உள்ளே போகலாம், மற்றவர்கள் போக முடியாது. முன்பு சொன்ன கூடுதல் இடம் இதுதான்.

பலகை எழுத்து அரை அங்குலம்தான் இருக்கிறது, அதனால் செல்லாது என்று அளவுகோல் கொண்டு வாதாடும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களோடு சேராதீர்கள். உரிமையாளருக்கு விருப்பமில்லை என்று தெரிந்தால் துப்பாக்கியை வண்டியில் வைத்துவிட்டுப் போங்கள், அல்லது வேறு கடைக்குப் போங்கள். பலகையை மீறி உள்ளே போனதற்கு 200 டாலர் வரைதான் அபராதம். வாயால் வெளியே போகச் சொல்லியும் போகாமல் நின்றால் அது 'ஏ' வகுப்புச் சிறு குற்றம், உரிமமும் போகும்.

மதுக்கடை வாசலில் சிவப்பு எழுத்தில் 51% என்று இருந்தால், அங்கே உரிமம் இருந்தாலும் கூடாது. வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வருகிறது என்று அதற்குப் பொருள். இது பெருங்குற்றம். பள்ளிக் கட்டடம், நீதிமன்றம், வாக்குச்சாவடி, சிறை, விமான நிலையத்தின் சோதனை தாண்டிய பகுதி ஆகியவையும் தடை. உயர்நிலைப் பள்ளி, கல்லூரி, தொழில்முறை விளையாட்டுப் போட்டி நடக்கும் இடத்திலும் கூடாது. வெள்ளிக்கிழமை இரவுப் பள்ளிக் கால்பந்தாட்டம் மட்டும் அல்ல, மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் ஆட்டம் பார்க்க கிராண்ட் ப்ரேரி மைதானத்துக்குப் போவதும் இதில் அடங்கும். குடியேற்ற அலுவலகம், சமூகப் பாதுகாப்பு அலுவலகம் போன்ற கூட்டாட்சி அரசுக் கட்டடங்களில் மாநில உரிமம் செல்லாது. குடியுரிமை நேர்காணலுக்குப் போகும் நாளில் துப்பாக்கி வீட்டில் இருக்கட்டும், வண்டியில்கூட வேண்டாம்.

கோயில், தேவாலயம், மசூதி: 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, நிர்வாகம் பலகை மாட்டியோ நேரில் சொல்லியோ தடுக்காதவரை உரிமம் உள்ளவர் கொண்டுபோகலாம். சட்டம் இடம் கொடுக்கிறது என்பது வேறு. அர்ச்சனைத் தட்டு, கையில் குழந்தை, குனிந்து விழுந்து வணங்குதல், இதற்கிடையில் வேட்டி இடுப்பில் ஹோல்ஸ்டர் நிற்பதும் இல்லை. கெட்டியான இடைவார் இல்லாத எந்த உடையிலும் துப்பாக்கி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அலுவலகத்தைப் பொறுத்தவரை, முதலாளி கட்டடத்துக்குள் தடை செய்யலாம். ஆனால் வாகன நிறுத்தத்தில், பூட்டிய உங்கள் சொந்த வண்டிக்குள் வைப்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் தடுக்க முடியாது என்று 2011-இல் வந்த சட்டம் சொல்கிறது. வண்டியில் விட்டால் இருக்கையோடு சங்கிலியால் பிணைத்த பூட்டுப்பெட்டியில் விடுங்கள். கையுறைப் பெட்டி என்பது திருடனுக்கு விலாசம் எழுதிக் கொடுத்த இடம்.

விமானப் பயணத்தில் குண்டு நீக்கி, பூட்டிய கடினப் பெட்டியில், பதிவு செய்த பெட்டிகளோடு, விமான நிறுவனத்திடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அன்றாடம் எடுத்துப்போகும் பையை அப்படியே தோளில் மாட்டிக்கொண்டு சோதனை வரிசைக்குப் போய்ப் பிடிபடுபவர்கள் டாலஸ் விமான நிலையத்தில் ஏராளம். பயணத்துக்கென்று தனிப் பை வைத்துக்கொள்வது எளிய தீர்வு.

வீட்டிலும் சாலையிலும்

17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு எட்டும்படி குண்டு நிரப்பிய துப்பாக்கியை வைப்பது டெக்சாஸில் குற்றம். அலமாரியின் மேல்தட்டு, புடவை அடுக்குக்குப் பின்னால், மெத்தைக்கடியில் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்த இடங்கள். பண்டிகைப் பலகாரத்தை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடிப்பவர்கள் அவர்கள். படுக்கையருகே எண் பொத்தான் பூட்டுள்ள சிறிய இரும்புப் பெட்டி ஒன்றைத் துப்பாக்கி வாங்கும் அன்றே சேர்த்து வாங்குங்கள். ஊரிலிருந்து தங்க வரும் பெரியவர்களுக்கு அந்தப் பெட்டியின் எண்ணைச் சொல்லாதீர்கள். அவர்கள் விசாவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன்.

காவலர் வண்டியை நிறுத்தி அடையாளம் கேட்டால், துப்பாக்கி உங்களிடம் இருக்கும்போது ஓட்டுநர் உரிமத்தோடு எல்டிசி அட்டையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டையும் பணப்பையில் ஒரே இடத்தில் வையுங்கள். கைகளை ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று அமைதியாகச் சொல்லுங்கள். 'காட்டட்டுமா?' என்று கையை அங்கே கொண்டுபோகாதீர்கள். குடித்திருந்தால் துப்பாக்கியோடு வெளியே கிளம்பவே கூடாது. அது தனிக் குற்றம்.

வீடு மாறினால் 30 நாட்களுக்குள் டிபிஎஸ்-க்குத் தெரிவியுங்கள். முதல் உரிமம், வழங்கிய நாளிலிருந்து நான்கு ஆண்டு முடிந்த பிறகு வரும் உங்கள் முதல் பிறந்தநாள்வரை செல்லும். அதன் பிறகு புதுப்பித்தால் 5 ஆண்டுகள். புதுப்பிக்கும்போது சுடும் சோதனை மறுபடி கிடையாது. ஆனால் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடி இந்தச் சட்டங்களைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. ஒற்றைப்படை ஆண்டுகளில், செப்டம்பர் 1-ஆம் தேதி நெருங்கும்போது, என்ன மாறியது என்று டிபிஎஸ் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.